சந்தை மைக்கும் சுருளிப்பட்டி நீலமும்

போன மாதம் நம் திராட்சை விவசாயிகளின் போன் குழுவிலிருந்து உரக்கடைத் தம்பி ஒருவரை நீக்கினேன். அன்றைக்குப் பூராவும் என் போன் அடங்கவில்லை. "ஏன் தாத்தா எடுத்தீக?" என்று சிலர். "நல்லாக் கலகலப்பாப் பேசுற பையன், அவன் இல்லாம குழுவே செத்துப் போச்சு" என்று சிலர். "மூணாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கு எதுக்கு அட்மின் வேலை?" என்று ஒருத்தர் குழுவிலேயே எழுதிவிட்டார். அவரை நான் நீக்கவில்லை. தன் பெயரைப் போட்டு, நான் பார்க்கிற இடத்தில், என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் இருக்கட்டும்.

நீக்கியதற்குக் காரணம் எழுதித் தரச் சொல்லிக் குழுவின் இளவட்டங்கள் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் அவள் திருத்தினால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அட்மின் வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெயர்தான் அப்போது கிடையாது. என்னைக் 'குழாய் மாயாண்டி' என்பார்கள். கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் என் ஒலிபெருக்கி கட்டாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. கட்சிக்காரர்கள் எல்லாக் கட்சியிலும் என்னைக் கூப்பிட்டார்கள். மந்திரி பேசும்போது மைக் ஊளையிட்டால் மந்திரியே என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். கம்பத்தில் சொந்தக் கட்டிடத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்த முதல் ஆளும் நான்தான். இதையெல்லாம் படிப்பில்லாமல் செய்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொழில் பழகிய கதை பெரிய கதை இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் உத்தமபாளையத்தில் மைக் செட் ராவுத்தரிடம் சேர்ந்தேன். முதலில் சைக்கிளில் குழாய் சுமந்தேன். பிறகு கம்பம் ஏறிக் கட்டினேன். பிறகு பேட்டரி, ஒயர், கடைசியாக ஆம்ப்ளிஃபயர். அதைத் தொட அவர் சம்மதிக்க வருசக்கணக்கானது.

ராவுத்தரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை, கை பொத்தான் போட்டிருக்கும். மடக்கு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். ஒரு கை எப்போதும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் தலையில் இருக்கும். சூடு பார்க்கிறார் என்று நினைப்போம், பேச்சையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சத்தத்தை விற்றுப் பிழைத்த மனுசன் சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. என்னை ஒரு தடவைகூட ஏசியதும் இல்லை. ஏச வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்புக்கு நான் பயந்த மாதிரி என் அப்பன் பிரம்புக்குப் பயந்ததில்லை.

கம்பத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வாரச் சந்தையில் சரக்கு கைமாறி முடிந்த பிறகு கூட்டம் உடனே கலையாது. ஒரு மாட்டு வண்டியை அவிழ்த்துப் போட்டு அதன்மேல் மைக்கை வைத்தால், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம். மலை ரோட்டில் எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்த எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், வாழைக்கு என்ன நோய், எல்லாம் அங்கேதான் தெரியும். கேள்வி கேட்பார்கள், இன்னொருத்தன் ஏறிப் பதில் சொல்வான். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் முட்டாள் என்பான். இப்போது போனில் நடப்பதுதான். அந்த மைக்குக்கு ராவுத்தர் வாடகை வாங்கியதில்லை. நாலு ஊர் ஆட்கள் கூடுகிற இடத்தில் நம் குழாய் பேசினால் கல்யாணத்துக்கு நம்மைத்தானே கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

சந்தை மைக்கை அவர் என்னிடம் ஒப்படைத்தபோது எனக்கு இருபது சொச்சம் வயது. சில கட்டுப்பாடுகள் அவர் வைத்தது, சில நான் வைத்தது. மைக்கைப் பிடித்ததும் ஊர் பேரும் தன் பேரும் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொடங்கினால் பெட்டியில் சத்தத் திருகைக் குறைத்துவிடுவேன். இது அவர் வைத்தது. துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினால் வாசிக்கிறதில்லை என்பது நான் வைத்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அதற்குள் கூட்டம் கத்தும். ஆகையால் சீட்டு கொண்டு வந்தவனிடமே, "எழுதினவுகளை இங்கன வந்து வாயால சொல்லச் சொல்லு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாதிச் சீட்டுகள் அப்படியே காணாமல் போயின. பொய்யை எழுதுகிறவனுக்கு அதை வாயால் சொல்லக் கூச்சம் இருக்கிறது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தேன். நான் நன்றாகப் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

கோபமாக வருகிறவனுக்கு என்னிடம் தனி மருந்து இருந்தது. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயரில் வால்வு இருக்கும். அது சூடேறினால்தான் சத்தம் வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண் சிவந்து வண்டியை நோக்கி ஒருத்தன் வந்தால், "அண்ணே, வால்வு சூடாகட்டும், செத்த நில்லுங்க" என்பேன். வால்வு ஒரு மணி நேரமாகச் சூடாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் எதில் பேசினார்கள் என்று அவனுக்குத் தோன்றாது. நின்று ஒரு டீ குடிப்பான். டீ முடிகிற நேரத்தில் கண் வெளுத்திருக்கும். பிறகு மைக்கைக் கொடுத்தால் மனுசன் மாதிரிப் பேசுவான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இன்னொரு ஆளைக் குறை சொல்ல வேண்டும் என்றால் அந்த ஆள் அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சந்தைக்கு அவரைக் கூட்டி வந்து சொல்லிக்கொள். இது ராவுத்தர் வைத்த கட்டுப்பாடு. இதைத்தான் நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதனால்தான் ஒரு திராட்சைப் பருவத்தில் என் பிழைப்பே ஆட்டம் கண்டது. எழுபதுகளின் தொடக்கம் அது.

பூண்டு தங்கராசு என்று ஒருவர், வடுகபட்டிக்காரர், பூண்டுத் தரகர். இந்த ஜில்லாவில் அவரைப் போல் நக்கல் பேச இன்னொருத்தர் பிறக்கவில்லை. அவர் வண்டியில் ஏறுகிறார் என்றாலே ஜீப் ஸ்டாண்டில் இருக்கிற டிரைவர்கள் ஓடி வருவார்கள். சந்தைக் கூட்டம் நின்றதே பாதி அவருக்காகத்தான். நல்ல மனுசன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பருவத்தில் சுருளிப்பட்டிப் பழம் சந்தைக்கு வந்தபோது கொத்தின்மேல் வெளிர்நீலமாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. கறுப்புப் பழத்தில் அது நன்றாகத் தெரிந்தது. தங்கராசு ஒரு கொத்தைத் தூக்கிப் பிடித்து மைக்கில் சொன்னார்: "பொம்பளைகளா, இனிமே வேட்டி வெளுக்கக் கடைக்குப் போயி நீலம் வாங்காதீக. சுருளிப்பட்டித் திராட்சை ஒரு கொத்து வாங்கி வாளியில முக்குனாப் போதும். மாப்பிள்ளை வேட்டி மினுமினுன்னு மின்னும்!"

சந்தை குலுங்கியது. நானும் சிரித்தேன். நல்ல நக்கல் அது. யார் பேரையும் சொல்லவில்லை, ஆகவே கட்டுப்பாட்டிலும் அகப்படவில்லை.

அடுத்த சந்தையில் அது வளர்ந்திருந்தது. சுருளிப்பட்டிக் கூடைகளைத் தாண்டிப் போகிறவன் எல்லாம், "ஆத்தா, நீலம் கட்டி என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனான். தங்கராசு புதிதாகச் சேர்த்தார்: ஒரு ஜீப் டிரைவர் அந்தப் பழத்தைத் தின்று நாக்கு நீலமாகி, பெண்டாட்டியே பாம்பு என்று நினைத்து விரட்டிவிட்டாளாம். மறுபடியும் குலுங்கல். ஆனால் சந்தையின் மேற்கு ஓரத்தில் குமுளிப் பக்கத்து மலையாள வியாபாரிகளின் லாரிகள் நிற்கும். அவர்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும். திராட்சை, நீலம், நாக்கு, பாம்பு. நக்கலைக் கழித்துவிட்டு அவர்கள் கேட்டது விஷம் என்ற ஒன்றைத்தான். அன்றைக்குச் சுருளிப்பட்டிக் கூடை ஒன்றுகூட லாரி ஏறவில்லை.

மூன்றாவது சந்தையன்று நான் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கம்பத்தின் அடியில் வந்து நின்றாள். நடுத்தர வயது, பெயர் செல்லத்தாயி. புருசன் போன பிறகு தனியாக நின்று பந்தல் போட்டு விவசாயம் செய்கிறவள்.

"ஏலே தம்பி, நீதான் கொழாக்காரனா?"

"ஆமாத்தா."

"எங்க ஊருப் பழத்தை நீலம்னு சொன்னது உன் கொழாதான?"

"கொழா சொல்லல ஆத்தா. தங்கராசு அண்ணன் சொன்னாக."

"அவுக வெறும் வாயில சொல்லியிருந்தா அங்கன நின்னவுகளுக்குக் கேட்டிருக்கும், அதோட போயிருக்கும். லாரிக்காரன் வரைக்கும் கொண்டு போனது உன் கொழாதான? அதுலயே எனக்கும் விடு. நான் பேசிக்கிறேன்."

சந்தை மைக்கில் அதுவரைக்கும் பொம்பளை ஏறியதில்லை. கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஏறியதும் இல்லை.

"கொடியில பாக்கிப் பழம் பழுத்துக் கெடக்குதுப்பா" என்றாள். "இன்னைக்கும் லாரி ஏறலைன்னா மாட்டுக்குத்தான் கொட்டணும். அடுத்த வருசம் பந்தக்காலு மாத்த முடியாது. தோட்டத்தை வித்துட்டு எஸ்டேட்டுக்குக் கூலிக்கு ஜீப் ஏற வேண்டியதுதான்."

நான் ராவுத்தரிடம் போனேன். அவர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். விசயத்தைச் சொல்லி, இன்றைக்குத் தங்கராசுவுக்கு முன்னால் அந்த அம்மாவை விடப் போகிறேன், அவர் பக்கத்தில் நின்று கேட்காவிட்டால் அவருக்கு மைக் கிடையாது என்றேன்.

"தங்கராசு இல்லாட்டிக் கூட்டம் நிக்காது, தம்பி. தெரியும்ல?"

"தெரியும் மொதலாளி."

"வர்ற முகூர்த்தத்துல பாதி அவன் சொந்தக்காரக வீட்டுக் கல்யாணம். அதுவும் போயிரும்."

"தெரியும்."

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு, "அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குற? பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறது நீ" என்றார்.

கூட்டம் சேர்ந்தது. தங்கராசு வண்டியில் ஏறி, "வடுகபட்டி தங்கராசு!" என்று சொன்னதுமே விசில் பறந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, இன்னைக்கு மொதல்ல சுருளிப்பட்டி ஆத்தா பேசட்டும். நீங்க பக்கத்துல நின்னு கேளுங்க. அப்புறம் நீங்க சொல்ல வேண்டியதை அவுகளைப் பாத்துச் சொல்லுங்க."

"என்னலே, சிரிக்கிறதுக்கும் பர்மிட் வாங்கணுமா?"

சிரிப்பு.

"நல்லாச் சிரிங்கண்ணே. அவுக முன்னாடி சிரிங்க."

"ஏப்பா, வால்வு இன்னும் சூடாகலையாம்ப்பா!" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான். என் வித்தை அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"சூடாயிருச்சு. ரொம்ப நேரமாவே சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திருகை முழுசாக மூடினேன். குறைப்பது வேறு, மூடுவது வேறு. அதுவரைக்கும் நான் யாருக்கும் மூடியதில்லை.

தங்கராசு வாயசைத்தார், சத்தம் வரவில்லை. கூட்டம் என்னை ஏச ஆரம்பித்தது. "மைக்கைப் போடுலே!" என்று ஒரு வாழைத்தண்டு பறந்து வந்தது. தங்கராசு வண்டியிலிருந்து குதித்து டீக்கடை பெஞ்சின்மேல் ஏறினார். அவருக்கு மைக் தேவையே இல்லை. அப்படி ஒரு தொண்டை. கூட்டம் மொத்தமும் திரும்பி அங்கே போய்விட்டது. அதற்குள் வண்டியின்மேல் ஏறிவிட்ட செல்லத்தாயி, கீழே நான், எங்களுக்கு எதிரே காலி மைதானம்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பழம் வாங்கப் போகிறவன் டீக்கடையில் இல்லை, மேற்கு ஓரத்தில் லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறான். நான்கு குழாய்களும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கம்பத்தில் ஏறி நான்கையும் லாரிப் பக்கம் திருப்பிக் கட்டினேன். கீழே இறங்கித் திருகைத் திறந்தேன்.

மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துவிட்டாள். குழாய் ஊளையிட்டது.

"கொஞ்சம் தள்ளிப் பிடி ஆத்தா."

"என் பழத்தைத்தான் ஊரே ஏசுதுன்னா, உன் கொழாயுமா என்னை ஏசுது?" என்றாள். அது அப்படியே குழாயில் போனது. லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சுருளிப்பட்டி செல்லத்தாயி. பழத்துமேல இருக்கிறது நீலமில்லய்யா. மயில்துத்தமும் சுண்ணாம்பும். கொடியில பூஞ்சை விழாம இருக்க எல்லாத் தோட்டத்துலயும் அடிக்கிறதுதான். அடிச்ச பின்னாடி ரெண்டு மழை விழுந்தாக் கழுவிட்டுப் போயிரும். கம்பத்துப் பக்கம் மழை விழுந்துச்சு, இவுக பழம் கறுப்பா இருக்கு. எங்க பக்கம் விழல, எங்க பழத்துல படிஞ்சு கெடக்கு. அம்புட்டுத்தான். மழையை நானா நிப்பாட்டுனேன்? தண்ணியில போட்டு ரெண்டு கையாலயும் அலசிட்டுத்தான் எங்க வீட்டுலயும் திங்கிறோம். வந்து பாருங்க. பழம் இன்னைக்குத்தான் இருக்கு, நாளைக்கு இருக்காது."

அதற்குமேல் பேசத் தெரியவில்லை. மைக்கை என்னிடம் நீட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு குமுளி வியாபாரி ஒருவர், எனக்கு முகம் பழக்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். "சேச்சி, ஒண்ணு கழுகிக் காணிக்கு" என்று கழுவிக் காட்டச் சொன்னார். செல்லத்தாயி தண்ணீர் வாளியில் ஒரு கொத்தை முக்கி அலசிக் கொடுத்தாள். அவர் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு பழத்தை வாயில் போட்டார், இன்னொன்றையும் போட்டார். அவளுடைய கூடைகளை மட்டும் ஏற்றச் சொன்னார். அதைப் பார்த்து இன்னொரு லாரி. சாயங்காலத்துக்குள் அந்த ஊர்க் கூடைகள் முக்கால்வாசி மலை ஏறிவிட்டன. எல்லாம் ஏறியது என்று சொன்னால் அது கதை.

எனக்குக் கிடைத்தது வேறு. கல்யாண ஆர்டர் ஒவ்வொன்றாகப் போனது. முடி வெட்டப் போன இடத்தில்கூட, "கொழாக்காரருக்குச் சிரிப்பு ஆகாதுப்பா, பேசாம வெட்டு" என்றார்கள். போன ஆர்டருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க ராவுத்தரே நடந்து போனார். அடுத்த சந்தைக்குக் கால்வாசிக் கூட்டம்தான் வரும் என்று நினைத்தேன். கூட்டம் நிறைந்து வழிந்தது. தங்கராசு மைக் கேட்டு வரப் போகிறார் என்று ஊர் பூராவும் தெரிந்திருக்கிறது.

வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் பொட்டு. "என்னப்பு, இன்னைக்குத் தருவியா?"

"தாராளமா அண்ணே. போன வாரம் சொன்னதுதான்."

முன்வரிசையில் செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். அறுப்பு முடிந்துவிட்டது, கையில் கூடை இல்லை, சந்தையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இதற்கென்றே நடந்து வந்திருக்கிறாள். முழங்காலின்மேல் வைத்திருந்த கைகளில் நகக்கண் எல்லாம் நீலம். வருசக்கணக்காகத் துத்தம் கரைத்த கை, அது இனிமேல் கழுவினாலும் போகாது.

தங்கராசு ஏறினார். "வடுகபட்டி தங்கராசு" என்றார். விசில் அடித்தார்கள். கையை உயர்த்தி அடக்கினார், சிரித்தார், அவளைப் பார்த்தார்.

"சொல்லுப்பு" என்றாள் செல்லத்தாயி. கோபமே இல்லை குரலில். "நல்லாத்தான சொல்லுவ. எல்லாரும் கேட்டாக, நான்தான் இன்னும் கேக்கல."

அவர் வாயைத் திறந்தார். கண் அவள் கைக்குப் போனது. கூட்டம் சிரிக்கத் தயாராக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. குழாயில் வெறும் உறுமல் மட்டும் கேட்கிறது. எத்தனை மேடை பார்த்த மனுசன்! தொண்டையைச் செருமினார். மைக்கை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, வால்வு சூடாகல போலருக்கே."

"ஆமாண்ணே" என்றேன். "இன்னும் சூடாகல."

இறங்கிப் போய்விட்டார். பிறகு சில வாரம் கழித்து வந்து பூண்டைப் பற்றிப் பேசினார், என்னைப் பற்றிப் பேசினார், என் மூக்கைப் பற்றிக்கூடப் பேசினார். நான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவர் மகள் கல்யாணத்துக்கு என் குழாய்தான் பாடியது.

இப்போது உரக்கடைத் தம்பி விசயம். அவர் ஒருவருடைய தோட்டத்துப் பழத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, கீழே நக்கலாக நாலு வரி எழுதினார். ஊரே சிரித்தது. அந்தத் தோட்டக்காரரிடம் இருப்பது பித்தான் வைத்த பழைய போன். அவர் குழுவில் இல்லை. அவருக்குத் தெரியாமலே அந்தப் படம் வியாபாரிகள் வரைக்கும் போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் காலேஜ் படிப்பு தேவைப்படவில்லை.

தம்பியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைத் திரும்பச் சேர்க்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று மருமகள் சொல்கிறாள். அழுத்துகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விவசாயிகள் சங்கக் கட்டிடத்துக்கு வரட்டும். அந்தத் தோட்டக்காரரிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், அவரும் வருகிறார். எதிரெதிரே ரெண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். தம்பி உட்கார்ந்து, எழுதின அந்த நாலு வரியை அவர் முகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டட்டும். அவரும் சிரித்தால் நானும் சிரிக்கிறேன்.

அவசரமில்லை. டீ சொல்லியிருக்கிறேன்.